கெட்டி எண்ணெய் மூடி வைத்த சத்தம்

காலையில் பசியாறிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் இருந்து தம்பி கூப்பிட்டான். "அக்கா, கொஞ்சம் வந்து இதைக் கேளேன்."

காரின் போனட் திறந்திருந்தது. உள்ளே இருந்து 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம், தையல் மிஷினை வேகமாக மிதிப்பது போல. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். புகைக்குழாயில் இருந்து நீலம் கலந்த புகை கிளம்பி, அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு மக்சிக் மெதுவாக ஜன்னலைச் சாத்தினார்.

"வாங்கி மூணு வாரம் ஆச்சு, ஒரு நாளும் இப்படி இல்லக்கா. நேத்துதான் எண்ணெய் மாத்தினேன். எண்ணெய்தான் சரியில்ல."

அது புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. நம் கெடா இளைஞர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். 1998-இல் வெளிவந்த கார். மிட்சுபிஷியின் 4ஜி93 வகை 1.8 லிட்டர், 16 வால்வு இஞ்சின். சுமார் 140 குதிரைத்திறன். வளைவுகளில் தடுமாறாமல் ஓட, அப்போது புரோட்டோன் வசம் இருந்த லோட்டஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் மெருகேற்றிய வண்டி. என் தம்பி பள்ளிக்கூடம் போன காலத்தில் பாடாங் செராய் சாலையில் ஒரு மஞ்சள் ஜி.டி.ஐ. பறந்து போனதைப் பார்த்தவன். அன்று ஆரம்பித்த ஆசை.

கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணம் கொஞ்சம், அம்மா எடுத்த கூட்டுப் பணம் கொஞ்சம். இத்தனை வயதான காருக்குக் கடன் கிடைப்பது லேசில்லை என்பதால் எல்லாம் ரொக்கம். பார்க்கப் போனபோது இஞ்சின் பூனை மாதிரி உறுமியது. சத்தமில்லை, புகையில்லை. விற்றவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

இப்போது புது எண்ணெய் ஊற்றிய மறுநாளே இப்படி. எண்ணெயால் கோளாறு வந்ததா? அல்லது முன்பே இருந்த கோளாறு இன்றுதான் வெளியே தெரிகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி அலைந்த கதைதான் இந்த வாரம்.

பாகுப் பதம்

எண்ணெய் மாற்றிக் கொடுத்த கடைப் பையன் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தான். பழைய எண்ணெயை இறக்கும்போது, இஞ்சின் சூடாக இருந்தும் அது தேன் வழிவது போல மெதுவாக வழிந்ததாம். தம்பி வாங்கி ஊற்றியதோ 5டபிள்யூ-30, விலை உயர்ந்த செயற்கை எண்ணெய். 'நல்ல வண்டிக்கு நல்ல எண்ணெய்' என்ற ஆசை.

சுங்கைப் பட்டாணியில் எங்களுக்குத் தெரிந்த பட்டறை அண்ணன் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் டிராக்டர் பழுது பார்க்க ஆரம்பித்து, இப்போது சொந்தப் பட்டறை. அவரிடம் கொண்டு போனோம். போனட்டைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, வீட்ல அதிரசத்துக்கு யாரு பாகு காய்ச்சுறது?"

"அம்மாதான் அண்ணா."

"பதம் தப்பிப் போனா?"

"இளகிப் போனா அதிரசம் எண்ணெயில பிரிஞ்சிடும். முத்திப் போனா கல்லு."

"அவ்வளவுதான். இஞ்சின் எண்ணெயும் பாகுதான்."

எண்ணெயின் இந்தக் குணத்துக்குத் தமிழில் பாகுத்தன்மை என்றே பெயர். ஒரு திரவம் வழிந்தோட எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதன் அளவு. சூட்டில் பாகு இளகும், ஆறினால் இறுகும். எண்ணெயும் அப்படியே.

போத்தலில் இருக்கும் எண்களைப் பலரும் 'வெயிட்' என்று நினைக்கிறோம். 5டபிள்யூ-30 என்பதில் வரும் டபிள்யூ, 'விண்டர்', அதாவது குளிர்காலம். எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் வகுத்த தரம் அது. முதல் எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ எண்ணெயை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். இரண்டாவது எண், இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில், எண்ணெயின் கெட்டித்தன்மை. 30 என்றால் அந்தச் சூட்டில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. எண் ஏற ஏறக் கெட்டி.

"நம்ம ஊருல ஏது பனி? முதல் எண்ணை விட்டுடலாமே?" என்று கேட்டேன். முழுவதும் விட முடியாது. நம் நாட்டில் பதிவான மிக அதிக வெயில் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி, பக்கத்துப் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில். அந்த வெயிலில் நிறுத்தி வைத்த காரில்கூட எண்ணெய், வேலைக்குத் தயாரான சூட்டில் பாதியைத் தொட்டிருக்காது. 40 டிகிரியில் ஒரு சாதாரண 20டபிள்யூ-50 எண்ணெய் ஏறக்குறைய 160 சென்டிஸ்டோக் இருக்கும். 5டபிள்யூ-30 ஏறக்குறைய 60 இருக்கும். நமக்கு வியர்க்கும் வெயில், எண்ணெய்க்கு இன்னும் குளிர்தான். காலையில் சாவியைத் திருப்பும் அந்தச் சில வினாடிகளில் எது சீக்கிரம் மேலே ஏறும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

சத்தம் எங்கிருந்து வந்தது?

என் தாத்தா தோட்டத்து ரப்பர் ஆலையில் டீசல் இஞ்சின் பார்த்தவர். நீளமான திருப்புளியின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பாராம். எந்த இடத்தில் சத்தம் பிறக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவாராம். பட்டறை அண்ணனும் அதையே செய்தார். வால்வுகள் இருக்கும் மேல்பகுதியில் திருப்புளியை வைத்து, என்னையும் கேட்கச் சொன்னார். 'டிக் டிக்' காதுக்குள் நேராக இறங்கியது.

இந்த வகை இஞ்சினில் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்ய, விரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்ன எண்ணெய்ப் புட்டிகள் போன்ற பாகங்கள் இருக்கின்றன. பட்டறையில் 'லிப்டர்' என்பார்கள். உள்ளே எண்ணெய் நிறைந்து, இடைவெளியே இல்லாமல் வால்வைத் தாங்கிப் பிடிக்கும். எண்ணெய் நிறையவில்லை என்றால் இடைவெளி விழும். இரும்பு இரும்போடு மோதும். அதுதான் டிக்.

எண்ணெய் ஏன் நிறையாமல் போகிறது? ரொம்பக் கெட்டியாக இருந்தால், காலையில் வந்து சேரத் தாமதமாகும். ரொம்ப இளகினால், தேய்ந்த லிப்டருக்குள் நிற்காமல் கசிந்துவிடும். எண்ணெயில் கசடு சேர்ந்தால் துளை அடைபடும். எண்ணெய் அளவு குறைந்தாலும் கூடினாலும் காற்றுக் குமிழி கலந்து, லிப்டர் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒரே 'டிக்'குக்கு இத்தனை காரணங்கள். கெட்டி எண்ணெய் இவற்றில் ஒன்றை, கசிவை மட்டும், மெதுவாக்கும். மற்ற எதையும் தொடாது. ஆனால் காதுக்கு எல்லாம் சரியானது போல இருக்கும்.

வானொலி நிலையத்திலும் இது நடக்கும். ஒலிப்பதிவில் இரைச்சல் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி அமுக்கிவிடலாம். கேட்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் இரைச்சலுக்குக் காரணமான பழுதான கேபிள் அங்கேயேதான் இருக்கும். ஒரு நாள் நேரலையின் நடுவில் மொத்தமாகப் பேச்சு நின்றுபோகும். முதலில் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று தேடு, பிறகு பொத்தானைத் தொடு என்று கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

புகை சொன்னது

புகைக்கும் நிறம் உண்டு. கருப்பு என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. விடாமல் வரும் அடர்ந்த வெள்ளை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. 'இஞ்சின் எண்ணெய் குடிக்குது' என்று நம் பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

நீலப் புகை வந்தால் மட்டும் போதாது, எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு புகை மேகம் வந்து பிறகு குறைந்தால், வால்வ் சீல் மீது சந்தேகம். இரவு முழுக்க எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி, காலையில் எரிகிறது. வேகமெடுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால், பிஸ்டன் ரிங் மீது சந்தேகம்.

"ஜெராய் மலைக்குப் போயிருக்கியா தங்கச்சி?" என்று கேட்டார். குருணில் இருந்து ஏறினால் 1,217 மீட்டர் உயர மலை. இறங்கும்போது சின்ன கியரில், பெட்ரோல் மிதியைத் தொடாமல் வருவோம் இல்லையா? அப்போது இஞ்சினுக்குள் காற்றழுத்தம் குறைந்து ஓர் இழுவை உண்டாகும். சீல் கெட்டுப் போயிருந்தால் அந்த இழுவையில் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும். அடிவாரத்தில் மிதியை அழுத்தியதும் பின்னால் நீலப் புகை. பின்னால் வருகிற காரில் ஒருவர் இருந்து கவனித்தால் போதும், காசில்லாத பரிசோதனை.

கெட்டி எண்ணெய் இங்கேயும் வேலை செய்கிறது. கிழிந்த வடிகட்டியில் தண்ணீர் உடனே இறங்கிவிடும், பாகு மெதுவாகத்தான் இறங்கும். சீல் கெட்ட இஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றி, அதோடு எண்ணெயைக் கெட்டியாக்கும் மருந்து ஒரு போத்தலையும் சேர்த்தால், சில வாரங்களுக்குப் புகை அடங்கும். மிச்சம் மீதிப் புகையை இருட்டு மறைத்துவிட்டது. தம்பி காலை ஷிப்டுக்கு விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். நாங்கள் கார் பார்க்கப் போன அன்று இஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. யமஹா ஆர்எக்ஸ்-இசட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் புகை பிறவிக் குணம். எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதற்கென்றே ஊற்றப்படுகிறது. அங்கே எண்ணெயின் தரம்தான் புகையைக் குறைக்கும். போத்தலில் ஜாசோ எப்.சி. அல்லது எப்.டி. என்று இருந்தால் புகை குறைவான வகை. நம் குருணிலேயே மோடனாஸ் தொழிற்சாலையில் தயாரான கிரிஸ் போன்ற போர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால், அது குணம் இல்லை, நோய்.

பரிசோதனை

அண்ணன் யூகத்தில் நிற்கவில்லை. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால், அந்த எண்ணெய் இடைவெளியை அடைத்து இரண்டாவது அளவு சட்டென்று ஏறும். ஏறவில்லை. நான்கும் ஏறக்குறைய ஒன்று போலவே இருந்தன.

"பிழைச்சீங்க. ரிங் நல்லா இருக்கு."

மேல்பகுதியைத் திறந்தபோது வால்வ் சீல்கள் பிஸ்கட் மாதிரி காய்ந்திருந்தன. மூன்று லிப்டர்கள் கசடில் ஒட்டிக்கொண்டிருந்தன. "இதுல எண்ணெய் மேல என்ன தப்பு? நீ ஊத்துன இளகின எண்ணெய் உண்மையச் சொல்லிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் தம்பியிடம்.

அதற்காக அவன் ஊற்றிய எண்ணெய் பொருத்தமானது என்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து இஞ்சின், கெடாவின் வெயில், சிவப்புக் கோடு வரை முடுக்குகிற ஆள். இஞ்சினை விரட்டி ஓட்டும்போது எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சூடு ஏறினால் பாகு இளகும். தாங்கிகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் அறுந்தால் இரும்பு இரும்பைத் தின்னும். அதனால் அவர் தேர்ந்தெடுத்தது 10டபிள்யூ-40. பந்தயத்துக்கென்று இடைவெளிகளைக் கூட்டிக் கட்டிய இஞ்சின்களுக்கு 50, 60 என்று கெட்டி எண்ணெய் ஊற்றுவதும் நியாயம்தான். அதே சமயம், இன்றைய பல சிறிய கார்களுக்குத் தயாரிப்பாளர் சொல்வது 0டபிள்யூ-20. அதில் போய் 20டபிள்யூ-50 ஊற்றினால் பெட்ரோல் செலவு கூடும், வால்வுகளின் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் மாற்றும் பாகங்களும் சுணங்கும்.

கெட்டி எண்ணெய் என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். வயதான இஞ்சினுக்கு, கைநூல் அனுமதிக்கும் எல்லைக்குள், காரணம் சொல்லி ஒரு படி கெட்டியாக ஊற்றுவது மருந்து. காரணத்தைத் தேடாமல், வாங்க வருகிறவர் காதையும் கண்ணையும் மூட ஊற்றுவது வேறு.

அம்மா சொன்னது

சீல், லிப்டர், கூலி எல்லாம் சேர்த்துத் தம்பியின் இரண்டு மாதச் சம்பளம் ஆகும் என்றார் அண்ணன். தம்பி முகம் வாடிவிட்டது. அன்று இரவு அவனுடைய நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். தே தாரிக் குடித்துக்கொண்டே யோசனை சொன்னான். "ஏன்டா இவ்வளவு செலவு? 20-50 ஒரு போத்தல் ஊத்து, கெட்டி மருந்து ஒண்ணு ஊத்து. சத்தமும் இருக்காது, புகையும் இருக்காது. ஒரு வாரத்துல வித்துடலாம். ஜி.டி.ஐ.க்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

தம்பி மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் உடனே மறுத்துப் பேசவில்லை. இழந்த பணத்தைத் திரும்ப எடுக்க அது சுலபமான வழியாகத்தான் தெரிந்தது. இரண்டு நாள் அந்தப் பேச்சு வீட்டில் மிதந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது நாள் அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னார். "நம்ம காசு கூட்டுக் காசு. அடுத்து வாங்குறவன் காசும் அப்படித்தான் இருக்கும். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. தம்பி இரண்டு மாதம் ஓவர்டைம் செய்தான். தீபாவளிக்குச் சட்டை வாங்கவில்லை. கார் பட்டறைக்குப் போய்ச் சரியாகி வந்தது.

பழைய கார் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு, எங்கள் செலவில் நாங்கள் படித்த பாடம் இது. பார்க்கப் போவதற்கு முன்பே 'இஞ்சினைச் சூடாக்காதீங்க, நாங்க வந்து ஸ்டார்ட் பண்றோம்' என்று சொல்லிவிடுங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் முன்னால் நின்று கேளுங்கள், ஒருவர் பின்னால் நின்று பாருங்கள். எண்ணெய் அளவுக்கோலை எடுத்து, எண்ணெய் விரலில் நூல் நூலாக இழுபடுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக எப்போது, எந்த எண்ணெய் ஊற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஐம்பது, நூறு வெள்ளி வீண் போகாது.

ஏற்கெனவே வைத்திருக்கும் காரில் சத்தம் வந்தால், முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். கைநூல் சொல்லும் எண்ணெய்தானா என்று பாருங்கள். மெல்லிய 'டிக் டிக்' என்றால் பட்டறைக்குப் போக அவகாசம் இருக்கிறது. அடியில் இருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் இஞ்சினை அங்கேயே நிறுத்துங்கள். அது தாங்கி தேய்ந்த சத்தமாக இருக்கலாம். அதை எந்தக் கெட்டி எண்ணெயாலும் மூடி ஓட்ட நினைக்காதீர்கள்.

நேற்றுக் காலையும் தம்பி வாசலில் காரை ஸ்டார்ட் செய்தான். இரண்டு வினாடி 'டிக் டிக்' கேட்டது. எண்ணெய் மேலே ஏறியதும் அடங்கிவிட்டது. இவ்வளவு வயதான இஞ்சினுக்கு அது இருக்கும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். கறிவேப்பிலைச் செடிப் பக்கம் புகை போகவில்லை. அடுத்த வீட்டு ஜன்னலும் திறந்தே இருந்தது.

அடுத்த வாரம் சந்திப்போம்.